பசியை எண்ணுதல் அறமாகுமோ?

அன்னமிடுவோர் உண்பாரை எண்ணிப் பார்த்தல் ஈகைக்கு இழுக்காம் என்பது நம்மனோரிற் பலர் கருத்து. பந்தியில் வந்தமர்ந்தாரை எண்ணாமை தகும். ஆயின், பந்திக்கு வாராதார் நிலை யாது? நாணத்தினால் வாராதாரையும், நடக்க வலியின்றிக் கிடப்பாரையும், வீட்டிலே எல்லாரும் உண்டபின் எஞ்சியது உண்ணும் பெண்டிரையும் அறிவார் யார்? அவரைக் காணுதற்கு எண்ணே கண்ணாகும். ஆதலின் எண்ணுதல் ஈகைக்கு மாறன்று, அதன் முற்பகுதியேயாம்.

ஆயினும், எண்ணுந் திறத்திலே பிழை நேர்தலுண்டு. பத்து மாணாக்கருள் ஐவர் நிறைய உண்ண, ஐவர் பட்டினி கிடப்பின், சராசரி காண்பவன் பதின்மரும் அரைவயிறு உண்டனர் என்பன். அரைவயிறு உண்டான் ஒருவனும் ஆண்டில்லை. மொத்தக் கணக்கும் இங்ஙனமே ஏமாற்றும். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திலே 20 இலட்சத்துக்குக் குறையாதோர் மடிந்தனர். அவ்வாண்டு அங்கிருந்த உணவு, பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டில் இருந்ததினுங் குறைவன்று என அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலிற் கணக்கிட்டு எழுதினர். யுத்தகாலத்தில் அரிசிவிலை ஏறிற்று. கூலியாட்கள், மீன்பிடிப்போர் முதலியோர் வருவாய் அதற்கேற்ப ஏறவில்லை. நெல்லிருந்தும் அதனைப் பெறும் வலி அவர்க்கில்லையாயிற்று. களஞ்சியத்தை மாத்திரம் அளப்பவர்க்கு இத்துயர் புலப்படாது.

ஆதலினால் இக்காலத்தார் பிள்ளையின் உடம்பையே அளக்கின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உயரத்தை வயதோடு ஒப்பிட்டு, நெடுநாட் பசியை அறிவர். உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட அளவை, பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்னும் ஆறு தேசத்து நன்கு பேணப்பட்ட பிள்ளைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. அவர்கள் பெரும்பாலும் ஒருபடித்தாகவே வளர்ந்தனர். எனவே, "எங்கள் குலம் குள்ளமானது" என்று பசியை மறைத்தற்கு இடமில்லை. அவ்வளவையின்படி 2024இல் ஏறக்குறைய 15 கோடிப் பிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருந்தனர். போதிய உணவில்லாதார் தொகை அவ்வாண்டில் ஏறக்குறைய 67 கோடி என உணவு விவசாய ஸ்தாபனம் மதிப்பிட்டது.

இத்தொகை குறைக்கற்பாலதோ எனின், குறைக்கற்பாலதே. பிரேசில் தேசம் பாடசாலைதோறும் உணவளித்தும், வறியர்க்குப் பணமுதவியும், 2014இல் பசித்தேசங்களின் வரிசையினின்று நீங்கிற்று. பின் அவ்வரிசையில் மீண்டும் வீழ்ந்தது. 2025இல் மறுபடியும் நீங்கிற்று. இடைவிடாது எண்ணிவந்தமையாலன்றோ அவ்வீழ்ச்சி வெளிப்பட்டது?

ஆசிரியர்காள்! வகுப்பிலே தூங்கும் மாணாக்கனைச் சோம்பேறியென்று ஒறுத்த யாம், "காலையில் உண்டனையோ" என்று ஒருகாலாயினும் வினாவியதுண்டோ? 67 கோடியை நம்மால் ஊட்டல் இயலாது. நாடோறும் இடாப்பிலே வரவு குறிக்கும்பொழுது, பெயர்தோறும் நிமிர்ந்து முகத்தை நோக்குதல் இயலும். வாடிய முகங் காணின், பிறர் அறியாவண்ணம் தனியே அழைத்துக் காரணம் வினாவுக. வினாவியபின் இயன்றதைச் செய்க.