காதுக்குப் பிடிக்காத பாட்டு

"என்ன பாட்டு இது! கேட்கக் கேட்கக் காது புளிக்கிறதே!" என்று ஒரு நாளாவது சொல்லாதவர் நம்மில் இரார். புலாவ் செபாங் கடைத்தெருவில் தேநீர் அருந்தும் பெரியவர் வாலிபர்களின் பாட்டைக் கேட்டு இப்படிச் சொல்கிறார். வீட்டில் பாட்டனார் விரும்பிக் கேட்கும் பழைய பாட்டைப் பற்றிப் பேரப்பிள்ளையும் இதையேதான் சொல்கிறான். இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள்; ஒரே தமிழைப் பேசுகிறவர்கள்; ஆயினும் ஒருவருக்குத் தேனாக இருப்பது மற்றவருக்கு வேம்பாக இருக்கிறது.

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. கலியாண வீட்டிலோ பெருநாள் விருந்திலோ எந்தப் பாட்டை வைப்பது என்று பேச்சு எழுந்தால், சற்று நேரத்தில் அது பாட்டை விட்டு ஒழுக்கத்துக்குப் போய்விடுகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்" என்று ஒரு பக்கம் குரல். "பெரியவர்களுக்கு எதுவும் பிடிக்காது" என்று மறுபக்கம் முணுமுணுப்பு. முடிவில் வாலிபர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறார்கள். ஆகவே, ஒரு பாட்டு நமக்கு ஏன் பிடிக்காமற்போகிறது, பிடிக்காதபோது பிறரிடம் எதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பவற்றை நிதானமாக ஆராய்வது நன்று.

காரணங்கள் பலவாயினும் மூன்று வகையில் அவற்றை அடக்கலாம். பாட்டின் ஓசை நம் பழக்கத்துக்கு ஒவ்வாதிருப்பது முதல் வகை. பாட்டின் சொல் பிறரை இழிவுபடுத்துவது இரண்டாம் வகை. நம் சம்மதமின்றிப் பாட்டு நம் மேல் திணிக்கப்படுவது மூன்றாம் வகை. இம்மூன்றுக்கும் நாம் சொல்லும் வார்த்தை ஒன்றே: "கேட்கச் சகிக்கவில்லை!" வார்த்தை ஒன்றாயிருப்பதால் விஷயமும் ஒன்றென்றே மயங்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். கவாலியை நினைத்தாலே நம் காதில் ஹார்மோனியம் ஒலிக்கும். ஆனால் அந்த ஹார்மோனியத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவர்கள் சாமானியர்களல்லர். மகாகவி பாரதியார் "சங்கீத விஷயம்" என்னும் கட்டுரையில் அதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடையே விதித்தது. அத்தடை தளர்வதற்கு 1971 வரை ஆயிற்று. காரணம் இல்லாமலில்லை. ஹார்மோனியத்தின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே சுருதியில் நிலைத்து நிற்பவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் பிறப்பதில்லை. கமகத்திலேயே ஊறிய காதுக்கு அது குறையாகப் படுகிறது. கமகம் இன்னதென்று அறியாத காதுக்கோ அது குறையே அல்ல. வாத்தியம் ஒன்றுதான்; வளர்ந்த காதுகள்தாம் வேறு வேறு.

குரலிலும் இப்படியே. 2015-ல் மறைந்த நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரல் உச்சத்தில் ஏறிக் கணீரென்று நிற்பது. அந்தக் குரலைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தவர்கள் கடல் கடந்தும் ஏராளம். மெல்லிய குரலிலேயே சுகம் கண்டவர் எவரேனும் "அது எனக்குச் சற்று அதிகம்" என்று சொன்னால், அவரைக் குற்றவாளியாக்க முடியுமா? அவரும் நம்மைக் குற்றவாளியாக்க முடியாது. ஓசையைப் பற்றிய மட்டில் இருவரும் உண்மையே சொல்கிறார்கள். தத்தம் காதைப் பற்றிய உண்மையை.

சில சமயங்களில் ஓசையைக் காட்டிலும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நினைவே நம்மை உறுத்துகிறது. சினிமா மெட்டில் அமைந்த இஸ்லாமியப் பாட்டு நல்ல உதாரணம். சொல்லெல்லாம் இறைவனைப் பற்றியது. மெட்டோ நாயகனும் நாயகியும் பூந்தோட்டத்தில் ஆடிய மெட்டு. படத்தைப் பார்த்தவருக்குப் பாட்டு தொடங்கியதும் பூந்தோட்டம் கண் முன் வந்து நிற்கிறது, முகம் சுளிக்கிறார். படத்தைப் பாராத அவர் தாயார் பக்கத்திலேயே கண் கலங்கி அமர்ந்திருக்கிறார். ஒரே அறை, ஒரே பாட்டு!

தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றுவது நம்மவருக்குப் புதிய வழக்கமுமன்று. பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்பில் "இன்ன மெட்டு" என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். எதிர்த் திசையிலும் சரக்கு போயிருக்கிறது. 1961-ல் வெளிவந்த "பாவ மன்னிப்பு" படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் ஹனீபா அவர்களும் சேர்ந்து பாடிய பண்டிகைப் பாட்டை, சினிமாப் பாட்டு என்று நினையாமலே நம் வீடுகளில் பெருநாளன்று ஒலிக்கவிடுகிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு 1111) தம் "இஹ்யா" நூலில் செவிமடுத்தலைப் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். உள்ளத்தில் ஏற்கனவே இருப்பதையே இசை கிளறி வெளிக்கொணர்கிறது என்பதும், கேட்பவர், நேரம், இடம், கூட்டம் இவற்றைப் பொறுத்தே அதன் பலன் மாறும் என்பதும் அங்கே கிடைக்கும் கருத்துகள். இசையைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் "இந்தப் பாட்டு என்னைக் கெடுக்கிறது" என்று சொல்லுமுன், பாட்டில் இருந்தது எது, நம்மிடம் இருந்தது எது என்று பிரித்துப் பார்க்க அந்தக் கருத்து நமக்குக் கற்பிக்கிறது.

இவ்வாறு பிரித்துப் பார்க்காமல், தம் ரசனையையே நாட்டுக்குச் சட்டமாக்கினால் என்ன நேரும்? அதற்கும் சரித்திரம் உண்டு. 1952 முதல் 1962 வரை இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைத் தாழ்த்துகிறது என்று உறுதியாக நம்பினார். வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வதையும் நிறுத்தினார். பட முதலாளிகள் பாட்டுக்களை ஒலிபரப்பும் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அறவே இல்லாமற்போயிற்று.

மக்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்பினார்களா? ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்! கொழும்பிலிருந்து இந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் கடல் கடந்து வந்தன. அமீன் சயானியின் "பினாக்கா கீத் மாலா" அந்த 1952-லேயே தொடங்கி வீட்டுக்கு வீடு புகழ்பெற்றது. தமிழ்நாட்டிலோ இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. கடைசியில் 1957 அக்டோபர் 3-ம் தேதி, அதே அமைச்சரின் காலத்திலேயே, "விவித பாரதி" என்ற சேவையைத் தொடங்கிச் சினிமாப் பாட்டை அரசாங்கமே மீண்டும் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. கேஸ்கர் தீயவரல்லர். "எனக்கு இது இனிக்கவில்லை" என்பதை "இது உனக்குக் கேடு" என்று மொழிபெயர்த்தார். கேட்டவர்கள் அந்த மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு கேஸ்கர் அமர்ந்திருக்கிறார் என்பதை மறுப்பாரும் உண்டோ?

நிற்க. எல்லாமே ரசனைதான், எதையும் கண்டிக்கக்கூடாது என்று இதற்குப் பொருளா? இல்லை. இரண்டாம் வகை இங்கேதான் வருகிறது. 2015 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஒரு பாட்டு இணையத்தில் பரவியது. அதிலிருந்த கெட்ட வார்த்தையை ஓர் ஓசையால் மறைத்திருந்தபடியால் அதற்குப் "பீப் பாட்டு" என்றே பெயர் வந்தது. பெண்களை இழிவுபடுத்துகிறது என்று மாதர் சங்கங்கள் வீதிக்கு வந்து கண்டித்தன. போலீசில் புகார்களும் பதிவாயின. அந்தப் பெண்கள் மெட்டு சரியில்லை, தாளம் சரியில்லை என்று சொல்லவில்லை. "எங்களை ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயத்தைப் பற்றிய கேள்வி அது. பாட்டு எத்தனை இனிமையாக இருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

இங்கே நம்மை நாமே சோதித்துக்கொள்வது அவசியம். இன்றைய பாட்டில் பெண்ணை ஏசினால் கொதிக்கிற நாம், நம் இளமைக் காலத்துப் பாட்டில் பெண்ணுக்கு அடக்கம் போதித்து அவளை மட்டந்தட்டியதைத் தலையசைத்துக் கேட்கிறோம். கறுப்பு நிறத்தைக் கேலி செய்த பழைய நகைச்சுவைப் பாட்டுக்குச் சிரிக்கிறோம். குடியையும் கத்தியையும் வீரமாகப் பாடினால் வாலிபனைக் கண்டிக்கிறோம், பழைய நடிகர் புட்டியைக் கையிலேந்திச் சோகமாகப் பாடினால் "அடடா, என்ன கருத்து!" என்கிறோம். குற்றம் ஒன்றானால் கண்டனமும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இனிக்கிற பாட்டில் உள்ள குற்றத்தையும் எடுத்துச் சொல்பவருக்கே, இனிக்காத பாட்டின் குற்றத்தைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு.

மூன்றாம் வகைக்கு வருவோம். கண்ணுக்கு இமையைக் கொடுத்த இறைவன் காதுக்குக் கதவு வைக்கவில்லை. பார்க்க விரும்பாததிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்க விரும்பாததிலிருந்து காதைத் திருப்ப முடியாது. ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் 1790-ல் எழுதிய நூலொன்றில் இதைக் குறிப்பிட்டுள்ளார். வாசனை தோய்ந்த கைக்குட்டையை ஒருவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தால், சுற்றியுள்ளோர் அத்தனை பேரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை முகர்ந்தே ஆகவேண்டும். இசையும் அத்தகையதே என்பது அவர் கருத்து. அத்தரின் அருமை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நல்ல அத்தர்தான்; எனினும் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையில் அவரைக் கேளாமல் குடம் குடமாக ஊற்றலாமா?

அதே கான்ட் 1784-ல் தம் ஊர் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் வீட்டருகே இருந்த சிறையில் கைதிகள் உரத்த குரலில் பக்திப் பாட்டுப் பாடுவது பொறுக்க முடியாததாயிருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெல்லப் பாடினாலும் அவர்கள் பக்திக்குக் குறைவு வராது என்பதே அவர் வாதம். பாட்டு புனிதமானது என்பதால் பக்கத்தாரின் தொல்லை தொல்லையல்லாமல் போய்விடாது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இதே வழக்கு சென்னைக்கு வந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வாசிகள், அண்டையிலிருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் பற்றி நீதிமன்றம் சென்றனர். 2000 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிறர் அமைதியைக் குலைத்துத் தொழ வேண்டுமென்றோ, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் கொட்டியும் தொழ வேண்டுமென்றோ எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். வழக்காடியவர் ஒரு சமயத்தார். தீர்ப்பு சொன்னதோ எல்லாச் சமயத்தாருக்கும்.

நம் பகுதியில் இதன் அருமை தெரியாதவரில்லை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். பொழுது விடியுமுன்பே பால்வெட்டுக்குப் போகவேண்டியவருக்கு இரவுத் தூக்கம்தான் ஆஸ்தி. ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் அடுத்தடுத்த வீடுகளும் கேட்டே தீரவேண்டும். இன்று தாமான் வீடுகளிலும் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். ரயிலிலும் பேருந்திலும் கைப்பேசியை உரக்கப் பாடவிட்டு உட்கார்ந்திருப்போரையும் காண்கிறோம். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து வாழும் ஊரில், நமக்கு இனிய பாட்டு பக்கத்தாருக்குப் புரியாத இரைச்சல் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் கலியாண வீட்டுப் பைத்தாயிருந்தாலும் இதே விதிதான். "நானா, குழந்தை தூங்குது, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கலாமா?" என்று ஒருவர் வந்து கேட்டால், "எங்க பாட்டையா குறை சொல்றே?" என்று சீறவேண்டியதில்லை. அவர் பாட்டைக் குறை சொல்லவில்லை. தம் வீட்டுக்குள் தமக்குள்ள உரிமையைக் கேட்கிறார். குமிழைச் சற்றுத் திருப்பினால் காரியம் முடிந்தது.

ஆக, ஒரு பாட்டு நமக்கு உறுத்தும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோமாக. உறுத்துவது என் பழக்கமும் என் நினைவும்தானா? அப்படியானால் பொறுத்துக்கொள்வதும் எழுந்து அப்பால் போவதும் என் கடமை. பிறரைத் திருத்தும் வேலை எனக்கில்லை. பாட்டு யாரையேனும் இழிவுபடுத்துகிறதா? அப்படியானால் அது எனக்கு இனித்தாலும் பேசவேண்டும். என் சம்மதமின்றி என் மேல் திணிக்கப்படுகிறதா? அப்படியானால் குறைக்கச் சொல்வது என் உரிமை. நான் பிறர் மேல் திணிக்காமலிருப்பது அதற்கு முந்திய கடமை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வகையை இரண்டாம் வகை போல் பேசிப் பேசியே நம் சொல்லின் மதிப்பை நாம் குறைத்துக்கொண்டிருக்கிறோம். தாளம் வேகமாயிருந்தாலும் "ஒழுக்கக்கேடு", தலைமுடி நீளமாயிருந்தாலும் "ஒழுக்கக்கேடு" என்று பத்து முறை சொன்னால், பதினோராவது முறை உண்மையிலேயே ஒரு பெண்ணை ஏசும் பாட்டையோ, கத்தியைப் புகழும் பாட்டையோ கேட்டு நாம் எச்சரிக்கும்போது எந்த வாலிபன் செவிசாய்ப்பான்? "அத்தாவுக்கு எதுவுமே பிடிக்காது" என்று எண்ணி நகர்ந்துவிடுவான். அந்த ஒரு முறை அவன் கேட்கவேண்டுமே என்ற கவலை நமக்கிருந்தால், மற்றப் பத்து முறையும் நம் நாவை அடக்கிக்கொள்வோம். அடுத்த பெருநாள் விருந்தில் நமக்குப் பிடித்த பாட்டு இரண்டும், பிள்ளைகளுக்குப் பிடித்த பாட்டு இரண்டும், அளவான சத்தத்தில் ஒலிக்கட்டும். அவர்கள் வெளியே போய் நில்லாமல் நம்மோடு அமர்ந்து உண்டால் அதுவே பெரிய லாபம்.