பொருள் தெரியாத பெயர்

ஒரு பெயருக்குப் பொருள் தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசையை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அறிவின் ஆசைபோலத் தோன்றினாலும், பல சமயங்களில் அது உடைமையாக்கிக் கொள்ளும் ஆசைதான். ஸ்பெயினின் வடகடற்கரையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டியிருக்கும் கிபுஸ்கோவா என்ற பாஸ்க் மாகாணத்தை வைத்து இதை யோசிக்கலாம்.

அந்நாட்டின் மாகாணங்களில் பரப்பளவில் இதுவே மிகச் சிறியது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தேபா, உரோலா, ஓரியா, உருமேயா எனச் சிறு நதிகள் மலைகளிலிருந்து வடக்கே இறங்கிச் சீக்கிரமே கடலைச் சேர்ந்துவிடுகின்றன. இங்கு பேசப்படும் பாஸ்க் மொழிக்கு, இன்று உயிரோடுள்ள வேறெந்த மொழியுடனும் உறவு நிறுவப்படவில்லை. மாகாணத்தின் பெயர் 11ஆம் நூற்றாண்டு ஆவணத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அதன் மூலம் பற்றி மொழியியலாளர்களிடையே உடன்பாடு இல்லை.

பிதசோவா நதி கடலில் கலக்கும் இடத்தில் ஒந்தரிபியா என்றோர் ஊர். பாஸ்கில் 'ஒந்தார்' என்றால் மணல். 'இபி' என்றால் ஆற்றை நடந்து கடக்கும் துறை. ஸ்பானிய நாவில் இந்த மணல்துறை ஃபுவெந்தராபியா ஆயிற்று. 'ஃபுவெந்தே' என்றால் ஊற்று. பேசியவனுக்குப் புரிகிற ஒரு சொல் கிடைத்தது; மணலும் துறையும் பெயரிலிருந்து போய்விட்டன.

இது அறியாமல் நேர்ந்தது. அதிகாரம் அறிந்தே செய்வது வேறு. 1937இல் ஃபிராங்கோவின் ஆணை, எதிர்த்து நின்றதற்குத் தண்டனையாக இம்மாகாணத்தின் பழைய வரி உரிமையைப் பறித்தது. 1938இல் இன்னோர் ஆணை, ஸ்பானியக் குடிமக்களின் குழந்தைகளுக்குக் காஸ்டிலிய மொழியில்தான் பெயர் பதிய வேண்டும் என்றது. 2011இல் வந்த சட்டம்தான் மாகாணத்தின் பெயரைப் பாஸ்க் எழுத்துமுறையிலேயே அதிகாரபூர்வமாக்கிற்று. அதற்குப் பெயரின் மூலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

பாஸ்க்காரர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல் 'எவுஸ்கல்துன்'. எவுஸ்கரா என்பது அவர்கள் மொழி. அதை உடையவன் என்று பொருள். இச்சொல்லில் ரத்தமும் இல்லை, மண்ணும் இல்லை. இதில் ஒரு கடுமை உண்டு: மொழியைப் பறிகொடுத்த பாஸ்க்காரனை இச்சொல் வெளியே நிறுத்திவிடுகிறது. ஆனால் வயது வந்தபின் கற்றுக்கொண்டவனைப் 'புதிய எவுஸ்கல்துன்' என்று உள்ளே அழைத்துக்கொள்ளவும் அவர்களிடம் சொல் இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு சபலம் உண்டு. லாகோவரி என்பவர் 1963இல் வெளிவந்த தம் நூலில் பாஸ்க்கையும் திராவிட மொழிகளையும் உறவாக்கினார். மொழியியல் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கேட்க இனிமையாயிருக்கிறது. ஃபுவெந்தராபியா என்று சொன்னவன் செய்ததும் இதுதானே? தனக்குத் தெரிந்ததைப் பிறர் பெயர்மேல் ஏற்றினான்.

ஒரு பெயரின் உரிமை அதன் வேரில் இல்லை, அதனால் தம்மை அழைத்துக்கொள்கிறவர்களிடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வேரைத் தேடலாம், தேட வேண்டும். கிடைக்காத இடத்தில் நம் சொல்லை நடாமலிருப்பது விமர்சகனுக்கும் ஒரு தர்மம்.