மேடும் பள்ளமும்

இடவிளக்கப் படத்தில் குன்றும் குழியும் ஏறத்தாழ ஒரே உருவில்தான் தோன்றுகின்றன. இரண்டும் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த வளையங்களே. குழியின் வளையத்தில் மட்டும் உட்புறம் நோக்கிய சிறு கீறல்கள் இருக்கும். அவற்றைக் காணத் தவறுபவன் பள்ளத்தை மேடென்று படித்துவிடுவான்.

புவியியலுக்கு ஆசிரியர் வாய்க்காத ஓர் ஆண்டில், சப்பிரகமுவத் தோட்டப்புறப் பாடசாலையொன்றில், தமிழ் படித்த நாமே இப்பாடத்தையும் நடத்த நேர்ந்தது. 1:50,000 அளவுத்திட்டப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர். சமவுயரக் கோடுகளோ 20 மீற்றருக்கு ஒன்றாக வரையப்படுகின்றன. எனவே இரு கோடுகள் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு நெருங்குமாயின், 50 மீற்றர் தூரத்திற்குள் நிலம் 20 மீற்றர் உயர்கிறது என்பது பொருள். மலைச்சரிவில் கோடுகள் மேல்நோக்கி வளையுமிடம், மழைநீர் வந்து கூடும் மடிப்பாகும். இரத்தினபுரியில் மாணிக்கம் தேடி வெட்டிய சிறு குழிகளோ எந்தக் கோட்டிலும் அகப்படாமலே போய்விடக்கூடும்.

இவ்வளவும் கேட்ட மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்க லயம் எந்தக் கோட்டுல இருக்கு?" என்றாள்.

நாம் விரல் வைத்த இடத்தில் கோடுகள் நெருங்கியிருந்தன, மேல்நோக்கி வளைந்துமிருந்தன. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதும், அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியவில் தோட்ட லயமொன்று புதையுண்டதும் அவள் அறியாதவை அல்ல. மண் சரியும்போது அது இனமும் மொழியும் பார்ப்பதில்லை. அறிந்ததை அவளிடம் சொல்வதா, மறைப்பதா?

சொல்வதே கடமை. ஆனால், சொன்னதோடு கடமை தீர்ந்துவிடுமா என்பதே நம்மை வாட்டும் கேள்வி. ஊவா மாகாணத்து மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் 2014 அக்டோபர் 29இல் மண் இறங்கியபோது மக்கள் லயங்களிலேதான் இருந்தனர். போவதற்கு வேறு நிலம் இல்லாதவன் எங்கே போவான்? மலையின் எந்த மடிப்பில் லயம் எழவேண்டுமென்று தீர்மானித்தது தோட்ட நிர்வாகம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோரை எவரும் கேட்கவில்லை. இன்றும் அவர்களுள் மிகப் பலருக்குத் தம் கூரையின் கீழுள்ள மண்ணுக்கு உறுதி கிடையாது.

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இம்மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலயப் படங்களை வரைந்தளித்திருக்கிறது. அபாயத்தைக் காட்டும் அறிவே, ஆய்ந்து தேரின், குடியிருக்கத் தக்க நிலத்தையும் காட்டும். அந்நிலத்தை உறுதியோடு வழங்காது, "எழுந்து போங்கள்" என்று மட்டும் சொல்வது, நாளை நேரும் சாவின் பழியை இன்றே ஏழையின் தலையில் ஏற்றிவிட்டுக் கைகழுவும் செயலாகும்.

அம்மாணவிக்கு நாம் உண்மையைச் சொன்னோம். மறுநாள் அவள் அதே படத்தில் கோடுகள் அகன்று கிடக்கும் ஓரிடத்தைச் சுட்டி, "இது யாருடையது, சேர்?" என்று கேட்டாள். இதற்கு விடை கூறவேண்டியோர் வகுப்பறைக்கு வெளியே இருக்கின்றனர். அவர்கள் கேட்குமாறு அவ்வினாவை உரத்துக் கேட்பது, படம் படிக்கத் தெரிந்த நம் அனைவருடைய பொறுப்புமாகும்.