திரும்ப அழைத்துவரும் கடன்

சோற்றில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று மகன் தட்டைத் தள்ளிவிடுகிறான். மூன்று நாளாகப் பட்டினி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “எனக்கு ஒன்றுமில்லை” என்று சீறுகிறான். பெற்றவள் என்ன செய்வாள்? அவன் சம்மதத்துக்குக் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. இழுத்துக்கொண்டு போனால் அவன் உரிமைக்குப் பங்கம்.

உயிர்தான் முதலில். முடிவெடுக்கும் திறனையே நோய் மூடியிருக்கும்போது, ‘அவன் இஷ்டம்’ என்று ஒதுங்கிக்கொள்வது கைவிடுவதற்குச் சமம். ஆனால் ஆபத்தினால் வந்த அதிகாரம் ஆபத்தோடு முடிந்துவிட வேண்டும். முடிகிறதா என்று பார்ப்பது யார்?

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையோடு உறவினர்களே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களில் உண்டு. பாசம் இருந்தாலும், உள்ளே நடப்பதைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் இதுதான் கதி.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தக் கேள்வி கேட்கும் இடத்தை உண்டாக்கியது. மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகே ஒருவரைச் சம்மதமின்றிச் சேர்க்கலாம். அதுவும் 30 நாள் வரைதான். ஏழு நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் மூன்றே நாளுக்குள், மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். நோயாளியே வாரியத்திடம் முறையிடலாம். இலவச சட்ட உதவியும் உண்டு. 30 நாளைத் தாண்டினால் வாரியத்தின் அனுமதி வேண்டும். சங்கிலிக்கு அடியோடு தடை.

கட்டாய மொட்டைக்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. பேன் தொல்லை என்று ஒரு பெண்ணின் கூந்தலை மழித்துவிடுவது விடுதிக்குச் சுலபம். கண்ணாடி முன் நிற்கும்போது தன் முகமே தனக்கு அந்நியமாகிப் போவது அவளுக்குத்தான் தெரியும். நோய் பறித்தது போதாதென்று, சிகிச்சையின் பெயரால் நாமும் எதையாவது பறிக்க வேண்டுமா?

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆனால் எந்த வாரியமும் நம் வீட்டில் அவருக்கு இலை போட்டுப் பரிமாறாது. மறுத்தவரைத் தூக்கிக்கொண்டு போக நமக்கு உரிமை தந்தது அவர்மீதுள்ள அக்கறை என்றால், தெளிந்து நிற்பவரைக் கூட்டிவரப் பஸ் ஏற வேண்டியதும் நாம்தான்.