அனுப்பிய சொல் யாருடையது?



புதிய வசதி ஒன்று வீட்டிற்குள் நுழையும்போது அதன் நன்மை தீமைகளை ஆராய்ந்து ஏற்போர் மிகச் சிலரே. 'நம்மவர் அதில் இருக்கின்றனரா?' என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. பேரன் பெங்களூரில் பணிபுரிகிறான். மகள் திருப்பூரில் வாழ்கிறாள். இருவரும் வாட்ஸ்அப்பில் இருக்கின்றனர். ஆகவே பாட்டியும் அதில் சேர்கிறார். நமது தருமபுரி மாவட்டத்து வீடுகளில் நாம் காண்பது இதுவே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் நம்முடையது, விழுக்காடு 68.54. எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத முதியோரும் குரலைப் பதிந்து அனுப்பலாம், படங்களைப் பார்த்து மகிழலாம் என்ற நிலை வந்ததால் இக்கருவி அவர்கள் கைக்கும் எளிதாயிற்று. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. பிரிந்து வாழும் குடும்பத்தைப் பேச்சால் இணைப்பது நன்மையே.

உறவு இருக்குமிடத்திற்கே மக்கள் செல்வர் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் சான்று. 2004இல் தோன்றி நம் நாட்டு இளைஞர்களைக் கவர்ந்த ஆர்க்குட், நண்பர்கள் ஃபேஸ்புக்கிற்குப் பெயர்ந்ததும் வெறிச்சோடி, 2014இல் மூடப்பட்டது. பெங்களூரில் 2020இல் தொடங்கப்பட்ட 'கூ', இந்திய மொழிகளிலேயே கருத்துப் பரிமாற வழிசெய்தும், 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனம் 2021இல் 'அரட்டை' என்ற தமிழ்ப் பெயரிலேயே ஒரு செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில், நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துவந்த அதில் 3,50,000 பேர் சேர்வதாக அந்நிறுவனத்தின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். சில வாரங்களில் அந்த வேகம் தணிந்தது. புதுத்திண்ணை எவ்வளவு அழகாயிருப்பினும், உற்றார் எல்லாம் பழைய திண்ணையிலேயே அமர்ந்திருந்தால் நாம் அங்கே தனியே அமர்ந்து யாருடன் பேசுவது?

ஆகவே இத்தகைய சேவைகளின் உண்மையான முதல், நாம் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையேயாகும். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலர் மதிப்பில் வாங்க முன்வந்தபோது விலை பேசப்பட்டதும் பெரும்பகுதி அந்த நம்பிக்கைதான். இங்கேதான் அறம் பற்றிய வினா எழுகிறது. உறவின் மேலுள்ள நம்பிக்கையால் ஒரு சொல் விரைந்து பரவுமானால், அச்சொல்லுக்குப் பொறுப்பாளர் யார்? முதலில் எழுதியவர் மட்டுமா? வாங்கி அனுப்பியவருமா?

நம் மாவட்டத்திற்குக் கிழக்கே அமைந்தது திருவண்ணாமலை மாவட்டம். 2018 மே 9 அன்று, அங்கே போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்ல உறவினருடன் காரில் வந்த ஒரு மூதாட்டி, வழி கேட்பதற்காக நின்ற இடத்தில் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் உலவுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப் வழியே ஏற்கெனவே பரவியிருந்தது. கூட்டம் கூடிற்று; அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் படுகாயமுற்றனர். அவ்வாண்டு நாடெங்கும் சுற்றிய காணொளிகளுள் ஒன்று, கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்பிற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்துவதுபோல் நடித்தவர்கள் குழந்தையைத் திரும்ப விட்டுச் செல்லும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கியிருந்தனர்.

அத்தகைய செய்திகளை அனுப்பியோர் எல்லோரும் தீயவர் அல்லர். குழந்தைகள்மீது கொண்ட அன்பினாலேயே தாய்மாரும் பாட்டிமாரும் அவற்றை அனுப்பியிருப்பர். 'நாங்கள் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினோம், அவ்வளவுதானே' என்று அவர்கள் கூறக்கூடும். இக்கூற்று பொருந்துமா?

வகுப்பறையில் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரு வாக்கியத்தைக் காதோடு காதாகச் சொல்லி அனுப்பும் விளையாட்டை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிவர். கடைசிச் சிறுவனிடம் சேரும்போது வாக்கியம் உருமாறிவிடும், வகுப்பே சிரிக்கும். பழைய வதந்தியும் அவ்வாறே வாய்க்கு வாய் மாறிற்று. 'சொல்லிக்கொள்கிறார்கள்' என்ற ஐயமும் அதனுடன் ஒட்டிவந்தது. கைப்பேசியில் வருவதோ ஓரெழுத்தும் பிசகாமல் வருகிறது. மேலே நம் சித்தப்பாவின் பெயரும் இருக்கிறது. எழுதியவர் மறைந்துவிடுகிறார், அனுப்பியவரே சாட்சியாகிவிடுகிறார். செய்தியை நம்பத் தக்கதாக்கியது சித்தப்பாவின் பெயர் என்றால், பொறுப்பில் அவருக்குப் பங்கில்லை என்பது எங்ஙனம்?

அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. ஐந்தும் குழுக்களாயின், குழு ஒன்றுக்கு 256 பேர் என்ற அந்நாளைய அளவின்படி, ஒரு விரலசைவில் ஏறக்குறைய 1,280 பேர். வரம்பு வேகத்தைக் குறைக்கும். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது கருவியின் வேலையன்று.

'உண்மையிலேயே ஆபத்து இருந்து, நாம் வாளாவிருந்தால் அதுவும் குற்றமன்றோ?' என்று கேட்பது நியாயமே. ஆனால் உண்மையான எச்சரிக்கைக்கு ஊர் உண்டு, நாள் உண்டு, கண்டவர் ஒருவர் உண்டு. காவல் நிலையத்தை ஒருமுறை தொலைபேசியில் அழைத்தால் தெளிவு கிட்டும். அந்தச் சில நிமிடத் தாமதத்தால் நேரக்கூடிய இழப்பையும், பொய்யால் போகக்கூடிய உயிரையும் எடைபோட்டுப் பாருங்கள்.

செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நடக்கும்போது எறும்பையும் பார்த்து அடிவைக்கும் நாம், சொல்லை அனுப்பும்போதும் அது யார்மேல் விழும் என்று பார்க்க வேண்டாமா? அது விழுவது பெரும்பாலும் வெளியூரார் மீதே. அவர் நம் குழுவில் இல்லை. 'நான் அப்படிப்பட்டவன் அல்லேன்' என்று மறுமொழி கூற அவருக்கு அங்கே இடமுமில்லை. போளூரை அடுத்த திருமலைக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பங்களும் அப்பகுதியில் வழி கேட்பதுண்டு. குழந்தைகளைக் கண்டால் இனிப்புக் கொடுப்பதுமுண்டு. அவ்வேளையில் நாமே அங்கு வெளியூரார்.

எந்தச் சேவையில் சேர்வது என்பதை உறவினர் முடிவு செய்யட்டும், அதில் பெருங்கேடில்லை. எதை அனுப்புவது என்பதை நாமே முடிவு செய்வோம். கண்டவர் யார், எங்கே, எப்போது, பொய்யாயின் துன்புறுவோர் யார் என்ற நான்கு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்வரை விரல் பொறுத்திருக்கட்டும். விடை கிடைக்காத செய்தி நம் கையோடு நின்றுவிடட்டும். இதனை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுடன், புதிதாகக் கைப்பேசி வாங்கிய பெரியவர்களுக்கும் பொறுமையுடன் எடுத்துரைப்போமாக.