பல் வைத்தியருக்கு ஒரு கல்

பல்வலி இரவில்தான் முற்றும். கடை சாத்தி வெகுநேரம் கழித்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "பாய், கிராம்பு இருக்கா?" என்று கதவைத் தட்டியவர்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். மறுநாள் அதே மனிதர் கடைக்கு வருவார், அரிசி விலையைப் பேசுவார், பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்மீது குற்றமில்லை. வலி போகும்போது அதன் நினைவையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது.

யுத்தத்தில் சிப்பாய்களுக்குப் பல் பார்த்தவர்களுக்கென்று ஞாபகச் சின்னம் எழுப்புவது தகுமா என்ற பேச்சு வந்தபோது நமக்கு முதலில் தோன்றியது இந்தக் கிராம்புதான். கூட இருந்த சிலர் சிரித்தார்கள். பல் பிடுங்கியவனுக்குக் கல்லா என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

1914-ல் பிரான்சுக்குச் சென்ற பிரிட்டிஷ் சேனையோடு ஒரு பல் வைத்தியர்கூட அனுப்பப்படவில்லை. தளபதி ஹெய்க்குக்கே பல்வலி வந்து, பாரிஸிலிருந்து வைத்தியரை வரவழைத்த பிறகுதான் மேலிடத்துக்குப் புத்தி வந்தது என்பார்கள். சாதாரணச் சிப்பாயின் வலி எந்தக் காதில் விழுந்தது? பிரிட்டிஷ் சேனையில் பல் வைத்தியத்துக்குத் தனிப் படை ஏற்பட்டது 1921-ல். இந்தியச் சேனைக்கு அது 1941-ல்தான் கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜப்பான்காரர் மலாயாவில் இறங்கினார்கள்.

பல் வைத்தியருக்கு மரியாதையே கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் ஆக உயர்ந்த வீரப்பதக்கத்தைப் பெற்ற பல் வைத்தியர்கள் உண்டு. வீடன் ஆஸ்போர்ன் 1918 ஜூன் மாதம் பிரான்சில் குண்டுமழைக்கு நடுவே காயமடைந்தவரைத் தூக்கிவரும்போது மாண்டார். பென் சாலமன் 1944 ஜூலை 7-ந் தேதி சைப்பான் தீவில், கூடாரத்திலிருந்த காயம்பட்டவர்கள் தப்பிப் போவதற்காகத் தாம் மட்டும் பின்தங்கி, இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டு மடிந்தார். செஞ்சிலுவைப் பட்டை அணிந்தவர் ஆயுதம் எடுக்கலாமா என்ற கேள்வியால் அவருடைய பதக்கம் தடைப்பட்டு, 2002-ல்தான் கிடைத்தது. நோயாளியைக் காக்க வைத்தியர் ஆயுதம் எடுப்பதைச் சர்வதேச உடன்படிக்கை அனுமதிக்கிறது. நம் மனமும் அதை ஒப்புகிறது.

ஆனால் இருவருக்கும் மரியாதை எதற்குக் கிடைத்தது? பல்லுக்கு அல்ல. தம் தொழிலை விட்டு வேறொன்றைச் செய்த அந்த ஒரு நாளுக்கு. அதற்குமுன் எத்தனை வாய்களைத் திறந்து பார்த்திருப்பார்கள், எத்தனை சிப்பாய்களை அன்றிரவு நிம்மதியாகத் தூங்க வைத்திருப்பார்கள்! அந்தக் கணக்கை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வலியைப் போக்கித் திரும்பவும் சுடத்தானே அனுப்பினார்கள், இது தர்மமா என்று கேட்போர் உண்டு. தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. நாம் கிராம்பு விற்கும்போது வாங்குகிறவர் நாளைக்கு என்ன செய்வார் என்று கேட்பதில்லை. இராணுவ வைத்தியருக்கோ அது தெரியும். தெரிந்தும், துடிக்கிறவனைத் துடிக்கவிடுவது அதைவிட மேலான தர்மம் என்று நம்மால் சொல்ல இயலவில்லை. இதற்குமேல் நம் அறிவு செல்லவில்லை.

நம் தைப்பிங்கிலேயே பாருங்கள். ஏரிப் பூங்காவைத் தாண்டி, புக்கிட் லாருட் அடிவாரத்தில் யுத்தகால அடக்கஸ்தலம் இருக்கிறது. அந்த யுத்தத்தில் இந்தியச் சேனையின் 20-வது பொது ஆஸ்பத்திரி நம் ஊரில்தான் இருந்தது. சண்டை ஓய்ந்தபின் பல இடங்களிலிருந்தும் எடுத்துவந்து 850-க்கு மேற்பட்டவர்களை அங்கே அடக்கினார்கள். அவர்களில் 500-க்கு மேற்பட்டவர் இன்னாரென்றே தெரியாதவர். சாலைக்கு ஒருபுறம் கிறிஸ்தவர்கள். மறுபுறம் முஸ்லிம்கள், இந்துக்கள், கூர்க்காக்கள். தளபதிக்கு உயர்ந்த கல், சிப்பாய்க்குத் தாழ்ந்த கல் என்ற பேதம் கிடையாது. சுட்டவனுக்கும் மருந்து கட்டியவனுக்கும் ஒரே அளவுதான். அங்கே நிற்கும்போதெல்லாம் தனியாக ஒரு சின்னம் எதற்கு என்றே நமக்கும் தோன்றும்.

கடைக்குத் திரும்பினால் எண்ணம் மாறிவிடுகிறது. அந்தக் கற்கள் இறந்தவர்களை நினைப்பதற்காக நட்டவை. உயிரோடு ஊர் திரும்பி, வலி தீர்ந்ததையே மறந்துபோனவர்கள் சார்பில் எந்தக் கல்லும் இல்லை. அப்படி ஒன்றை எங்கேனும் யாரேனும் நடுவதானால் அதில் துப்பாக்கியைச் செதுக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். ஒரு நாற்காலி, ஒரு குறடு, ஒரு விளக்கு. அவர்கள் அன்றாடம் பிடித்தவை அவைதாம்.