பெற்றவர்க்கு இல்லாத உரிமை

2023 ஜூன் மாதம், கோலார் தங்கவயலின் ஊரிகத்துக்குத் தொலைவில் இல்லாத பங்காருப்பேட்டை வட்டத்துப் போடகுர்கி கிராமத்தில், இருபது வயதுப் பெண் ஒருத்தி கொலையுண்டாள். தலித் இளைஞனை விரும்பியதைத் தவிர வேறு குற்றம் அவள் செய்யவில்லை. கைதானவர் பெற்ற தகப்பன். செய்தி கேட்ட இளைஞன் ரயில் முன் விழுந்து மாண்டான். இப்படி நேரும்போதெல்லாம், ‘பெற்ற வயிறு பற்றி எரியாதா?’ என்று பரிந்து பேச ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. எரியட்டும், அதற்காகக் கொல்லும் உரிமை வந்துவிடாது. மகளின் உயிரும் மனமும் தகப்பனின் சொத்தல்ல.

சுரங்கத் தொழிலாளரின் காவலராக உலகெங்கும் வணங்கப்படும் புனித பார்பராவின் கதையும் இதுவே. தகப்பன் தியோஸ்கோருஸ் அவளைக் கோபுரத்தில் அடைத்தான். அவளோ கிறிஸ்துவை ஏற்று, இரண்டு சன்னல் வைக்கச் சொன்ன இடத்தில் திரித்துவத்தின் பெயரால் மூன்று வைத்தாள். அவனே அவளை ஆளுநனிடம் ஒப்படைத்தான். தீர்ப்பு வந்ததும் தன் கையாலேயே தலையை வெட்டினான். திரும்பும் வழியில் இடி விழுந்து எரிந்தான். வரலாற்றுச் சான்று போதாதென்று 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொது நாட்காட்டியிலிருந்து அவள் நினைவுநாள் நீக்கப்பட்டது. ஆயினும் அந்த நாளான டிசம்பர் 4-ஐச் சுரங்கத்தார் விடவில்லை. தப்பியோடியவளுக்குப் பாறை பிளந்து வழிவிட்டது என்கிறது கதை. 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி உழைத்த தங்கவயலுக்குப் பாறையின் இரக்கமின்மை தெரியும். அந்தப் பாறையே இளகிய இடத்தில் பெற்றவன் மனம் இளகவில்லை.

தமிழ் அறநூல்கள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கொல்லாமையை ஈடில்லாத அறமாக முதலில் நிறுத்தி, பொய்யாமையையே அதற்கு அடுத்து வைத்தார் வள்ளுவர். தன் உயிரே போவதானாலும் பிற உயிரைப் போக்காதே என்றார். உயிர் காக்கவே கொல்லலாகாது என்றால், சாதிப் பெருமை காக்கக் கொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கலித்தொகையில், காதலனோடு போன மகளைத் தேடிவரும் செவிலியிடம் முக்கோல் ஏந்திய அந்தணர் சொல்வதென்ன? முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்குப் பயனில்லை, சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்குப் பயனில்லை. உன் மகளும் அப்படியே, அவள் சென்றதும் அறத்தின் வழியே என்கிறார்கள். மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைச் சிலர் துணைக்கு அழைக்கலாம். அந்த மகன் ஒரு கன்றின் உயிரைப் பறித்தவன். இந்தப் பெண்கள் எந்த உயிரைப் பறித்தார்கள்?

பெற்றவர்க்கு அக்கறை உண்டு. ஏமாற்றுவோர் உலகில் உண்டு. கண்டிக்கவும் காத்திருக்கச் சொல்லவும் அவர்களுக்கு இடமுண்டு. அதை மறுப்பார் இல்லை. ஆனால் வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்வதற்குக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் கொலைக்குப் பிறகுதான் வருகிறது. அறம் அதற்கு முன்பே வரவேண்டும். கோயில் மேடையும் தேவாலயப் பீடமும் சாதிச் சங்கக் கூட்டமும் கொன்றவனுக்குப் பரிந்து பேசுவதை இன்றோடு நிறுத்தட்டும். வெட்டுண்ட பார்பராவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, வெட்டிய தியோஸ்கோருஸின் நியாயத்தை வீட்டுக்குள் பேசுவது பக்தியாகாது. மகள் எதிர்த்து நின்றால் மனம் நோகலாம்; கை ஓங்கலாகாது.